பழைய அலாய் வீலுக்கு மொட்டை மாடியிலயே பெயின்ட் அடிக்கிறது எப்படி

போன வருஷம் பெங்களூர் சிவாஜிநகர்ல குஜ்ரி, அதாவது பழைய சாமான் மார்க்கெட் பக்கம் ஒரு கடைல என் ஐ10 காருக்கு நாலு அலாய் வீல் எடுத்தேன். 14 இன்ச், கம்பெனி அலாய், டயர் இல்லாம வெறும் வீல் மட்டும், பேரம் பேசி நாலும் சேத்து 9,000 ரூபா. பாக்க பரிதாபமா இருந்துச்சு. கலருக்கு மேல இருக்கற கிளியர் கோட் உரிஞ்சு உள்ள வெள்ளையா புழு ஓடுன மாதிரி கோடு கோடா இருக்கு, அதுல ஒரு வீலுக்கு ஓரம் பூரா பிளாட்ஃபார்ம்ல உரசுன காயம். பவுடர் கோட்டிங் பண்ற எடத்துல விசாரிச்சா நாலுக்கும் சேத்து 10,000 ஆகும்னாங்க, வீல் வாங்குனதே 9,000 தானே, அதுக்கு மேல பெயின்டுக்கு குடுக்க மனசு வரல. அல்சூர்ல நாங்க குடியிருக்கற வீட்டு மொட்டை மாடியிலயே நானும் என் மச்சானும் ரெண்டு சனி ஞாயிறு உக்காந்து முடிச்சோம். மொத்த செலவு 3,040 ரூபா. ஒரு முழு மழைக்காலம் தாண்டியாச்சு, இன்னும் எங்கயும் உரியல.

இதுக்கு முன்னாடி மச்சானோட பழைய கார் வீலுக்கு ஒரு தடவ அடிச்சோம், மூணே மாசத்துல தகடு தகடா உரிஞ்சு வந்துருச்சு. ஸ்ப்ரே டப்பா மேல தப்பில்ல, டயர் பாலிஷ் போட்டுப் போட்டு அந்த சிலிகான் வீல் மேல ஊறி இருந்துச்சு, நாங்க சோப்பு போட்டு ஒரு கழுவு கழுவிட்டு நேரா அடிச்சுட்டோம். அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: பத்து மணி நேர வேலைன்னா எட்டு மணி நேரம் கழுவுறதும் தேய்க்கறதும், ஸ்ப்ரே கைல எடுக்கறது மிச்சம் ரெண்டு மணி நேரம்தான். இந்த கணக்க மாத்துனா காசு போச்சு.

முதல்ல வீல் பெயின்ட் அடிக்க லாயக்கா இல்லையான்னு பாருங்க. பழைய வீல் வாங்க போறவங்க பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைங்க இருக்கற வட்டத்தோட அளவு கேட்டு வாங்கணும், ஐ10க்கு நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். வெளி கம்பெனி அலாய்னா நடு ஓட்டை பெருசா இருக்கும், அந்த இடைவெளிய அடைக்கற ஹப் ரிங் போடணும், இல்லன்னா 80ல போகும்போது ஸ்டியரிங் நடுங்கும். அடுத்தது விரிசல். பானை வாங்கும்போது தட்டிப் பாக்கற மாதிரி ஸ்பானரால தட்டிக் காட்டி சத்தம் நல்லா இருக்கு பாருங்கன்னு கடைக்காரர் சொல்வாரு, அத நம்பி எடுக்காதீங்க, முடி மாதிரி இருக்கற விரிசல் சத்தத்துல தெரியாது. வீல திருப்பி போட்டு உள்பக்கம், அதாவது வண்டிக்கு அடில பாக்கற பக்கத்த, துணியால தொடச்சுட்டு டார்ச் அடிச்சு சுத்தி சுத்தி பாருங்க, நம்ம ரோட்டு பள்ளத்துல விழுந்து விழுந்து அந்த உள் ஓரம்தான் முதல்ல நெளியும், விரிசலும் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும். விரிசல் இருந்தா வெல்டிங் வச்சு குடுக்கறேன்னு சொல்லுவாங்க, வேணாம்ங்க, உயிர் விஷயம், அந்த வீல அங்கயே வச்சுட்டு வாங்க. நெளிவு இருக்கான்னு தெரியணும்னா பக்கத்து டயர் கடைல பேலன்சிங் மெஷின்ல மாட்டி சுத்த விட்டா கண்ணுக்கே தெரிஞ்சுரும். இன்னொண்ணு, முகம் மட்டும் பளபளன்னு கடைசல் பிடிச்ச மாதிரி இருக்குமே டைமண்ட் கட், அந்த லுக்க வீட்டுல திரும்ப கொண்டு வர முடியாது, அதுக்கு லேத் வேணும். அது மாதிரி வீல்னா ஒரே கலரா அடிச்சுட வேண்டியதுதான்.

எப்ப பண்றதுன்னு பாத்தா பெங்களூர்ல பிப்ரவரி, மார்ச் தான் பெஸ்ட். நிறைய பேர் ஆயுத பூஜைக்கு முன்னாடி வண்டிய அழகு பண்ணணும்னு செப்டம்பர், அக்டோபர்ல இத ஆரம்பிக்கறாங்க, ஆனா அப்ப தினமும் சாயங்காலம் மழை, காத்துல ஈரம் அதிகம், பெயின்ட் மேல வெள்ளையா பூத்துப் போகும். டிசம்பர், ஜனவரி காலைல பனி இருக்கும், பத்து மணிக்கு மேலதான் ஆரம்பிக்கணும். ஏப்ரல், மே ஓகே, ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சுருங்க, நாலு மணிக்கு மேல திடீர்னு கொட்டும். எந்த மாசமா இருந்தாலும் வெயில் நேரா படற எடத்துல வீல வைக்காதீங்க, வீல் சூடா இருந்தா பெயின்ட் மேல விழறதுக்குள்ள பாதி காஞ்சு மணல் மாதிரி சொரசொரன்னு ஆயிரும். நிழல்தான் வேணும். எங்க மாடில தண்ணி டேங்க் நிழல் இருந்துச்சு, அங்க ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒண்ண மூணு பக்கம் மறைப்பா நிறுத்திக்கிட்டோம், காத்தையும் தடுக்கும், பக்கத்து வீட்டுல காயப்போட்ட துணில பெயின்ட் படாம காப்பாத்தும். கீழ் வீட்டு ஓனர் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க, டேங்க் மூடி இருக்கான்னு பாத்துக்கோங்க. ஸ்ப்ரே பண்றதுக்கு முன்னாடி தரைய தண்ணி தெளிச்சு விட்டா தூசி எழும்பாது, நம்ம ஊர்ல எந்த தெருவுல பாத்தாலும் ஒரு பில்டிங் எழும்பிக்கிட்டே இருக்கறதால இது ரொம்ப முக்கியம்.

வாங்குனது என்னன்னா ப்ரைமர் ரெண்டு டப்பா 560, கன்மெட்டல் கலர் மூணு டப்பா 900, கிளியர் லாக்கர் ரெண்டு டப்பா 640, தேய்க்கறதுக்கு வாட்டர் பேப்பர் பத்து ஷீட் 200, சின்ன புட்டி ஒண்ணு 120, மாஸ்கிங் டேப் ரெண்டு 120, கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் 500. எல்லாம் ஜேசி ரோடு, எஸ்பி ரோடு ரெண்டு எடத்துலயே முடிஞ்சுருச்சு. மாஸ்க்ல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க, கொரோனாவுக்கு போட்ட என்95 பெயின்ட் துளிய நிறுத்தும், ஆனா தின்னர் ஆவிய நிறுத்தாது, கரி போட்ட கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேணும். கடைல ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. ஒண்ணு, வீல் சூடாகும் சார்னு சொல்லி சைலன்சருக்கு அடிக்கற ஹீட் பெயின்ட எடுத்துக் குடுப்பாங்க, அது நல்லா சூடு ஏறுனாதான் இறுகற பெயின்ட், வீல் அவ்ளோ சூடாகறதே இல்ல, கடைசி வரைக்கும் மெத்துன்னே இருந்து நகம் பட்டாலே கீறும். சாதா அக்ரிலிக் இல்லன்னா வீல் பெயின்ட்னு போட்டது போதும். ரெண்டாவது, 2கே கிளியர்னு ஹார்டனர் சேந்து வர்றது செம பளபளப்பு, நல்லா உழைக்கும், ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், ஒரு தடவ அலர்ஜி வந்துட்டா ஆயுசுக்கும் விடாது. சின்ன பசங்க ஓடியாடற மாடில அது வேணாம்ங்கறது என் முடிவு, ஹார்டனர் இல்லாத சாதா 1கே கிளியரே போட்டோம். முடிஞ்சா ப்ரைமர், கலர், கிளியர் மூணும் ஒரே கம்பெனி, ஒரே வகையா வாங்குங்க, வேற வேற கலந்தா ஒண்ணு இன்னொண்ண கரைச்சு சுருங்க வச்சுரும்.

கலர் பத்தி என் அபிப்பிராயம், முதல் தடவைனா சில்வர் இல்லன்னா கன்மெட்டல். பளபள கருப்பு போட்டோல சூப்பரா இருக்கும், ஆனா ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு மேடு பள்ளமும் அதுல கண்ணாடி மாதிரி தெரியும், தேய்ச்சதுல குறை இருந்தா காட்டிக் குடுத்துரும்.

இப்ப கழுவுற கதை. முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ண எடுத்துட்டு விம் மாதிரி பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு பிரஷ்ஷால ஸ்போக் இடுக்கு, நட்டு ஓட்டை, உள்பக்கம் எல்லாத்தையும் தேய்ங்க. கருப்பா பழுப்பா ஒட்டிக்கிட்டு வரவே வராதே, அது பிரேக் டிஸ்க்குல இருந்து வர்ற இரும்புத் தூள், சூட்டோட வந்து பெயின்ட்ல குத்தி நிக்கும், சோப்புக்கு மசியாது. அதுக்குன்னு அயன் ரிமூவர் இருக்கு, அடிச்சா ஊதா கலரா மாறி ஒழுகும், காசு மிச்சம் பண்ணணும்னா எப்படியும் தேய்க்கத்தான போறோம், வாட்டர் பேப்பர்லயே எடுத்துக்கலாம், நாங்க அப்படித்தான் பண்ணோம். ஆசிட் மட்டும் ஊத்தாதீங்க, பாத்ரூம் ஆசிட் ஊத்துனா அலுமினியம் பொங்கி கருத்துப் போகும், ஓட்டைக்குள்ள தங்குனா பின்னாடி பெயின்ட தூக்கி விடும். உள்பக்கம் பழைய பேலன்சிங் வெயிட் ஒட்டுன பசை இருக்கும், ஹேர் டிரையர்ல சூடு காட்டுனா இளகும், பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி மண்ணெண்ணெய் துணியால தொடைங்க, திரும்ப சோப்பு போடுங்க. அதுக்கப்புறம் நாங்க சுத்தமான துணில தின்னர் நனைச்சு ஒரு தடவ, காஞ்ச வேற துணியால உடனே ஒரு தடவன்னு வீல் முழுக்க தொடச்சோம், துணில கருப்பு வர்றது நிக்கற வரைக்கும் துணிய மாத்தி மாத்தி. இந்த சிலிகான், கிரீஸ் எல்லாம் தேய்க்கறதுக்கு முன்னாடியே போகணும், இல்லன்னா வாட்டர் பேப்பரே அத கீறலுக்குள்ள தள்ளி விட்டுரும்.

ஒரு சின்ன விஷயம், ஆனா இங்க இருக்கறவங்களுக்கு முக்கியம். எங்க வீட்டுல போர் தண்ணி, காஞ்சா வெள்ளையா உப்பு பூக்கும். அந்த உப்பு மேல ப்ரைமர் அடிச்சா ஈரத்த இழுத்து கொஞ்ச நாள்ல கொப்பளம் வரும். அதனால கடைசி அலசு மட்டும் குழாய்ல வர்ற காவேரி தண்ணில, ஒரு வீலுக்கு ரெண்டு மக்கு போதும், காவேரி வர்ற அன்னைக்கு ஒரு பக்கெட் பிடிச்சு வச்சுக்கோங்க. அது இல்லன்னா ஆர்ஓ தண்ணி.

தேய்க்கறதுல தான் கை வலி. உரிஞ்ச எடம், காயம் பட்ட எடம் மட்டும் 120 நம்பர் வாட்டர் பேப்பர்ல ஆரம்பிச்சு 180, 240, நம்பர் ஏற ஏற பேப்பர் நைஸா இருக்கும். நல்லா இறுக்கமா இருக்கற பழைய பெயின்ட மொத்தமா எடுக்கணும்னு அவசியமில்ல, அது கம்பெனில அடிச்சது, நாம அடிக்கற எந்த ப்ரைமர விடவும் நல்லா பிடிச்சிருக்கும், 320ல பளபளப்பு போய் மங்கலா ஆற வரைக்கும் தேய்ச்சா போதும். ஆனா அந்த வெள்ளை புழு கோடு இருக்கே, அது அலுமினியம் துரு, அது எங்க முடியுதோ அதுக்கு ஒரு இன்ச் தள்ளி வரைக்கும் தேய்ச்சு வெள்ளி மாதிரி சுத்த உலோகம் தெரியணும், கொஞ்சம் விட்டாலும் புது பெயின்டுக்கு அடில ஓடிக்கிட்டே இருக்கும். பழைய பெயின்டும் வெறும் உலோகமும் சேர்ற எடத்துல விரல் நகத்த இழுத்துப் பாருங்க, படி மாதிரி தட்டுதுன்னா இன்னும் தேய்க்கணும், கண்ண மூடிக்கிட்டு தடவுனா கண்ண விட விரலுக்கு நல்லா தெரியும். ஸ்போக் ஓரமெல்லாம் வெறும் விரலால அழுத்தி தேய்ச்சா பள்ளம் விழும், பழைய செருப்பு ரப்பர் துண்டுல பேப்பர சுத்தி தேய்ங்க. தண்ணி போட்டு தேய்ச்சா தூசி மூக்குல ஏறாது, பேப்பரும் ரொம்ப நேரம் உழைக்கும்.

பிளாட்ஃபார்ம்ல உரசுன காயத்துக்கு முதல்ல தூக்கிக்கிட்டு நிக்கற பிசிற அரத்தால சீவி எடுங்க. ஆழமில்லாத காயம் 120லயே சமமாயிரும். ஆழமா இருந்தா ஹார்டனர் கலந்து போடற பாடி புட்டி, அத வெறும் உலோகத்து மேலயே மெல்லிசா போட்டு இருபது நிமிஷத்துல இருந்து அரை மணி நேரம் விட்டு தேய்ங்க. நாங்க 120 ரூபாய்க்கு வாங்குனது இதுதான். டியூப்ல வர்ற என்சி புட்டி ஊசி குத்துன மாதிரி ஓட்டைக்குதான், அது ப்ரைமருக்கு மேல, காகிதம் கனம். டயர் உக்கார்ற விளிம்புல எந்த புட்டியும் போடக் கூடாது, டயர் மாட்டும்போது பேர்ந்து வந்து காத்து கசியும்.

மாஸ்கிங்ல தான் உயிர் காக்கற விஷயம் இருக்கு, தயவு செஞ்சு இத விட்டுராதீங்க. வண்டில வீல் மாட்டற ஹப் மேல ஒட்டி உக்கார்ற பின்பக்க தட்டையான முகம், நட்டு உக்கார்ற கூம்பு மாதிரி இருக்கற குழி, இந்த ரெண்டு எடத்துலயும் பெயின்ட் படவே கூடாது. பெயின்ட் அங்க ஒரு படலமா நின்னா நட்டு டைட்டா இருக்கற மாதிரி தெரியும், வண்டி ஓட ஓட அந்த படலம் நசுங்கி நட்டு லூஸாகும். பின் முகத்துக்கு டேப் ஒட்டி பிளேடால ஓரம் வெட்டிக்கலாம். நட்டு குழிக்கு நாங்க பெரிய சைஸ் கோலிகுண்டு போட்டோம், கூம்புல கச்சிதமா உக்காந்துக்கும், முடிஞ்சதும் பின்னால இருந்து தட்டுனா வந்துரும். டயர் உக்கார்ற உள் பக்கத்துக்கும் கனமா பெயின்ட் வேணாம், பழைய பெயின்ட் இருந்தா அப்படியே விட்டுருங்க.

டயரோட இருக்கற வீலுக்கு அடிக்கறவங்க காத்த முழுசா எடுத்துட்டு டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல கார்டு சொருகுங்க, வீட்டுல சேந்து கிடக்கற கல்யாண பத்திரிகை அட்டைய வெட்டிக்கிட்டா செம கனம், ஒரு சுத்துக்கு முப்பது நாப்பது துண்டு வேணும். ஆனா வண்டிய ஜாக்கி மேல நிறுத்திட்டு நாள் கணக்குல விடாதீங்க, ஜாக்கி சரியும். ஸ்டெப்னி போட்டு ஒரு வாரத்துக்கு ஒரு வீல்னு பண்ணுங்க.

அலாய் இல்லாம ஸ்டீல் டிஸ்க், அதாவது சாதா இரும்பு வீல் வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் ஈஸி, துருவ கம்பி பிரஷ்ஷால எடுத்து 120 போட்டு தேய்ச்சு, துரு குழில ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி காய விட்டு, மிச்சமெல்லாம் இதே மாதிரிதான். கருப்பு அடிச்சுட்டு 400 ரூபாய்க்கு வீல் கப் போட்டாலும் வண்டி பளிச்சுன்னு ஆயிரும்.

ப்ரைமர். அலுமினியம் தேய்ச்ச உடனே காத்து பட்டு மேல ஒரு படலம் கட்ட ஆரம்பிச்சுரும், அதனால தேய்ச்ச அன்னைக்கே ப்ரைமர் அடிச்சுரணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு வைக்காதீங்க. வெறும் உலோகம் நிறைய தெரிஞ்சா எட்ச் ப்ரைமர்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துல பிடிக்கறதுக்குன்னே இருக்கு. டப்பாவ உள்ள இருக்கற குண்டு சத்தம் கேட்டதுக்கப்புறம் முழுசா ரெண்டு நிமிஷம் குலுக்கணும். குளிரா இருந்தா வெதுவெதுப்பான தண்ணி பக்கெட்ல பத்து நிமிஷம் வச்சா துளி நல்லா மெல்லிசா வரும், அடுப்பு பக்கத்துலயோ வெயில்லயோ வைக்கவே வைக்காதீங்க, வெடிக்கும்.

வீல கவுத்து வச்ச பெயின்ட் பக்கெட் மேல வச்சுக்கிட்டா சுத்தி சுத்தி நடக்க வேணாம், வீலயே திருப்பிக்கலாம். ஒரு ஜாண் தூரம், 20 சென்டிமீட்டர் சுமார். ஸ்ப்ரே வீலுக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியில முடியணும், வீல் மேல கை நின்னா அங்க ஒழுகும். முதல்ல ஸ்போக் பக்கவாட்டு, இடுக்கு, நட்டு குழிய சுத்தி, கடைசில முகம், ஏன்னா முகத்த முதல்ல அடிச்சா இடுக்குக்கு அடிக்கும்போது முகத்துல கூடுதலா விழுந்து வடிஞ்சுரும். முதல் கோட் மூடணும்னு நினைக்காதீங்க, பனி விழுந்த மாதிரி தூவி விடுங்க, அடில இருக்கறது தெரியணும். பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு ரெண்டாவது, அப்புறம் மூணாவது. மூணாவதுலதான் முழுசா மூடும். ஒழுகிருச்சுன்னா விரலால தொடாதீங்க, அப்படியே விட்டுட்டு மறுநாள் 400ல தண்ணி போட்டு தேய்ச்சா போயிரும்.

ப்ரைமர் அடிச்சு ஒரு வாரம் கழிச்சுதான் நாங்க கலருக்கு வந்தோம், 400, அப்புறம் 600ல லேசா தேய்ச்சு, காவேரி தண்ணில அலசி, காஞ்சதும் முழு வீலயும் சுத்தமான காட்டன் துணியால தொடச்சோம். இங்க தின்னர் போட்டு தொடச்சுராதீங்க, ப்ரைமர் கரைஞ்சுரும். கலரும் அதே மாதிரிதான் மூணு மெல்லிசு கோட், மெட்டாலிக் கலர்னா நடு நடுவுல குலுக்கிக்கிட்டே இருங்க, அந்த மினுக்கு தூள் அடில தங்குனா ஒரு வீல் வெளுப்பா ஒரு வீல் அடர்த்தியா வரும், நாலு வீலுக்கும் வரிசையா முதல் கோட், அப்புறம் நாலுக்கும் ரெண்டாவதுன்னு போனா கலர் ஒண்ணா வரும். கிளியர் அரை மணி நேரத்துல, ரெண்டு மெல்லிசு, கடைசியா ஒண்ணு மட்டும் நனைஞ்ச மாதிரி பளபளன்னு. திரும்ப அடிக்கற நேரம் டப்பா மேல போட்டிருக்கும், ஒரு மணி நேரத்துக்குள்ள இல்லன்னா 24 மணி நேரத்துக்கு அப்புறம்னு இருந்தா அப்படியேதான் பண்ணணும், நடுவுல அவசரப்பட்டு அடிச்சா கீழ் கோட் ஊறி பழைய மாங்கா தோல் மாதிரி சுருங்கிரும், திரும்ப முதல்ல இருந்துதான். ஒவ்வொரு தடவ முடிஞ்சதும் டப்பாவ தலைகீழா பிடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் அமுக்குனா நாசில் அடைக்காது.

கை வச்சா ஒட்டாதுங்கறது வேற, நல்லா இறுகறது வேற. ஒரு மணி நேரத்துல தொட்டுப் பாக்கலாம், ஆனா டயர் மெஷின்ல போடறதுக்கு குறைஞ்சது ஒரு வாரம் விடுங்க, அந்த மெஷின் தாடை புது பெயின்ட்ட கடிச்சு வச்சுரும். நாங்க டயர் கடை அண்ணன் கிட்ட முன்னாடியே சொல்லிட்டோம், அவரு தாடைல பிளாஸ்டிக் கவர் போட்டு நிதானமா ஏத்திக் குடுத்தாரு. டயர் கழட்டி இருக்கும்போதே பழைய ரப்பர் வால்வையும் மாத்திருங்க, அப்புறம் அதுக்குன்னு திரும்ப கழட்ட வேணாம். வெயிட் உள்பக்கம் ஒட்டற மாதிரி கேளுங்க, ஓரத்துல அடிக்கற கிளிப் வெயிட் பெயின்ட நசுக்கும். முதல் மூணு வாரம் வாட்டர் வாஷ் பிரஷர் வேணாம், அதுக்கப்புறமும் வீலுக்கு ஆசிட் அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு நில்லுங்க.

மாட்டும்போது நட்ட எல்லாம் முதல்ல கையால திருகி, எதிர் எதிரா டைட் பண்ணுங்க, கடைசி டைட் காத்து கன்ல வேணாம், இறுக்கத்த அளந்து டைட் பண்ற டார்க் ரெஞ்ச் வச்சு உங்க கார் மேனுவல்ல என்ன அளவு போட்டிருக்கோ அதுல முடிக்க சொல்லுங்க. 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொரு தடவ செக் பண்ணணும். நான் மாட்டுன மறுநாளே ஓசூர் போய்ட்டு வந்து சாயங்காலம் வண்டி ஆறுனதும் அதே ரெஞ்ச் வச்சுப் பாத்தேன், பதினாறு நட்டுல ரெண்டு மட்டும் லேசா திரும்புச்சு, மிச்சமெல்லாம் வச்ச எடத்துலயே இருந்துச்சு.